தீபாவளி அமாவாசையில் ஹான்லே

கன்னியாகுமரியில் நின்று வடக்கே நோக்குபவருக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்திற்கு மேல் 8 பாகை உயரத்தில்தான் தோன்றும்; எதிரே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் அதுவும் மறைந்துபோகும். சென்னையில் அதன் உயரம் 13 பாகை. டெல்லியில் இருபத்தெட்டரைப் பாகை. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வூரில் துருவ மீனின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் குடும்பங்கள் அனைத்தும் இவ்விண்மீனைச் சிறிது சிறிதாக மேலே ஏற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆயினும் இத்தலைநகரின் புகையிலும் விளக்கொளியிலும் அதை அண்ணாந்து கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

அதைக் குறைவறக் காணத்தக்க இடம் லடாக்கின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஹான்லே. கிராமம் கடல் மட்டத்திற்கு மேல் 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதை அடுத்த குன்றின்மீது, ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் ஆய்வுக்கூடம் நிற்கின்றது. அங்குள்ள இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள சந்திரா தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் முதல் ஒளி கண்டது. அதை இயக்குவோர் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலிருந்து துணைக்கோள் வழியாக இயக்குகின்றனர். அதன் அருகிலேயே 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் என்னும் காமாக்கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. சுற்றிலும் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு, 2022 டிசம்பரில் இருள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் காப்பகம் கேள்வியுற்றிருக்கிறோம். இருளுக்கும் ஒன்று உண்டு என்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம்.

சென்ற 2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20ஆம் நாள் வந்தது. என் தமக்கையின் மகள் கல்லூரியில் பௌதிகம் பயில்பவள். இரண்டு ஆண்டுகள் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் 80 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றும், அதை வானத்தின் சுழற்சிக்கு இணையாகத் திருப்பும் மவுண்ட் ஒன்றும் வாங்கியிருந்தாள். ஆண்டிரோமீடா என்னும் பக்கத்து விண்மீன் மண்டலத்தைப் படம் பிடிக்கவேண்டும் என்பது அவள் அவா. டெல்லி மாடியில் எடுத்த படங்களில் ஆரஞ்சு நிற மூட்டமே மிஞ்சியது. நிலவில்லாத நாளும் கல்லூரி விடுமுறையும் ஒருங்கே வாய்ப்பது அந்தத் தீபாவளி வாரத்தில்தான். “பண்டிகை நாளில் வீட்டில் விளக்கேற்றாமல் பனியில் போய் நிற்பதாவது!” என்று தமக்கை வருந்தினாள். பிறகு தானும் உடன் வந்தாள்.

லேயிலிருந்து ஹான்லேக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. உப்ஷி, சுமாதாங், மாஹே, நியோமா, லோமா எனச் சாலை பெரும்பாலும் சிந்து நதியின் கரையோடு செல்கின்றது. சிந்துவை நம்மவர் பாடப்புத்தகத்தில் மட்டுமே கண்டிருப்பர். இங்கே அது பச்சை நிறத்தில், கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. சுமாதாங்கில் கொதிநீர் ஊற்றுகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. லேயில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளாமல் மேலே செல்வது அறிவுடைமை ஆகாது. ஹான்லேயில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் அறுபது விழுக்காடுதான். முக்காலியைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

அவ்வூரின் ஒழுங்கைச் சொல்லவேண்டும். மாலையானதும் சன்னல்களில் கனத்த திரைகள் இறங்குகின்றன. வண்டிகள் முகவிளக்கைத் தாழ்த்திச் செல்கின்றன. வெளியே வெள்ளை விளக்கு எரிய விடுவதில்லை, சிவப்பு விளக்குதான். தமக்கை அகல் ஒன்றை மறவாமல் கொண்டு வந்திருந்தாள். அதைத் திரையிட்ட அறைக்குள் ஏற்றிவைத்தாள். இந்தியா முழுவதும் விளக்கு ஒளிர்ந்த அவ்விரவில் எங்கள் தீபாவளி அவ்வொரு சுடரோடு முடிந்தது. வெளியே வந்தால் கார்த்திகைக் கூட்டம் கிழக்கில் எழுந்திருந்தது. ஆறு மீன்களை எண்ணுவது நம் வழக்கம். அங்கே என் மங்கிய கண்ணுக்கே எட்டு தெரிந்தன.

இத்தகைய வானத்தின் கீழ் எடுத்த முதல் இரவின் படங்களில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. விண்மீன்கள் பருத்தும், ஒரு பக்கமாக நீண்டும், அரிசிமணிபோல் கிடந்தன. டெல்லியில் குற்றத்தை வானத்தின்மேல் போட்டுவிடலாம். ஹான்லேயில் அதற்கு இடமில்லை. பழுது கருவியில் இருக்கவேண்டும், அல்லது அது நின்ற தரையில் இருக்கவேண்டும். அவள் ஒரு திருகைத் திருப்புவாள், பிறகு மற்றொன்றை. எதனால் எது மாறியது என்று அறிய முடியவில்லை. மூன்று இரவுகளில் ஒன்று கழிந்தது. மறு ஆண்டு வருவதற்குப் பணமும் இல்லை, விடுமுறையும் உறுதியில்லை. அவள் அழவில்லை, ஆனால் காலையில் யாரோடும் பேசவுமில்லை.

அன்று எங்களைக் காத்தவர் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர். இருள் காப்பகம் அமைந்தபோது பெங்களூர் இந்திய வான்பௌதிக நிறுவனத்தார் கிராமத்தார் சிலருக்கு, பெரும்பாலும் மகளிருக்கு, பயிற்சி தந்து தொலைநோக்கிகளையும் வழங்கினர். பகலில் ஆட்டு மந்தையைக் கவனித்து, இரவில் பயணிகளுக்கு வானத்தைக் காட்டுகிறவர்களுள் இவரும் ஒருவர். “ஜூலே” என்று வணங்கி உள்ளே வந்தார், படங்களைப் பார்த்தார். “பேட்டீ, இதில் இரண்டு நோய் கலந்திருக்கிறது. முதலில் பிரித்துவிடு” என்றார் இந்தியில். இரண்டு விநாடியில் ஒரு படம் எடு. அதிலும் மீன் பருத்திருந்தால் குவியம் பிசகியிருக்கிறது. அதில் கூர்மையாக இருந்து, இரண்டு நிமிடப் படத்தில் மட்டும் நீண்டால் மவுண்டில் கோளாறு. இவ்வளவே அவர் சொன்னது. இதைவிடச் சிறந்த பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

மாலையில் அவ்வாறே செய்தோம். இரண்டு விநாடிப் படத்தில் மீன்கள் வட்டமாக, ஆனால் பருமனாக இருந்தன. காரணம் குளிர். குழாய் அலுமினியம், நீளம் ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். அந்தி வேளையில் 6 பாகை வெப்பத்தில் குவியம் வைத்தால், நள்ளிரவில் அது உறைநிலைக்குக் கீழ் 10 பாகைக்கு இறங்குகிறது. அந்தப் 16 பாகை வீழ்ச்சியில் குழாய் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு சுருங்கும். எங்கள் தொலைநோக்கியில் குவியம் பிழைக்கக்கூடிய இடமோ மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஆகவே அந்தியில் வைத்தது நள்ளிரவுக்கு உதவாது. கருவியை இரண்டு மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துக் குளிரப் பழக்கவேண்டும். பிறகும் மணிக்கு ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

சரிபார்க்க எளிய சாதனம் ஒன்று உண்டு. பாட்டினோவ் என்னும் உருசிய அன்பர் 2005இல் வகுத்தது. மூன்று திசைகளில் கீற்றுகள் வெட்டிய தட்டு, அவ்வளவே. தொலைநோக்கியின் முகப்பில் அதை மாட்டி, திருவோண மீன் போன்ற ஒளிமிக்க ஒன்றை நோக்கினால், மீனைச் சுற்றி மூன்று கதிர்கள் தோன்றும். இரண்டு கதிர்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட, மூன்றாவது அவற்றின் நட்டநடுவே வந்தால் குவியம் சரி. ஒதுங்கி நின்றால் பிசகு. பின்னர்த் தட்டைக் கழற்ற மறக்கலாகாது. மற்றொன்று: குவியம் வைத்தபின் பூட்டுத் திருகாணியை இறுக்கும்போது அதுவே காமிராவைச் சிறிது தள்ளிவிடும். இறுக்கியபின் மீண்டும் பார்க்கவேண்டும். ஆண்டிரோமீடா அம்மாதத்தில் இரவு பதினொரு மணியளவில் ஹான்லேயின் உச்சிக்கு அருகே வருகிறது. அப்போது தொலைநோக்கி நேரே மேல்நோக்கி நிற்க, காமிராவின் பாரம் முழுவதும் அத்திருகாணியின்மேல் விழுகின்றது. தளர்ந்திருந்தால் மெல்ல வழுகி இறங்கும். படத்தின் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர் மூலை மங்கியும் இருப்பின், அது குவியம் அன்று. காமிரா சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது.

முதல் நோய் தீர்ந்தது. இரண்டு நிமிடப் படத்தில் மீன்கள் இன்னும் நீண்டே இருந்தன. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. எங்கள் காமிராவில் அது வான நடுக்கோட்டருகே ஏறத்தாழ எட்டுப் புள்ளிகளைக் கடக்கும் தூரம். மவுண்ட் இந்நகர்வை ஈடுசெய்வதற்காகவே உள்ளது. அதன் அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்கவேண்டும். துருவ மீனையே நோக்கினால் போதாது. துருவ மீன் உண்மைத் துருவத்திலிருந்து முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகவே விலகியிருக்கிறது. டெல்லியில் இருபத்தெட்டரைப் பாகைக்கு வைத்த அச்சை இங்கே ஏறக்குறைய முப்பத்து மூன்றுக்கு உயர்த்தவேண்டும். அவள் அதைச் செய்திருந்தாள். பின் ஏன் நீண்டது?

நீளும் திசையைக் கொண்டு இதை அறியலாம். மோட்டாரை நிறுத்திப் பத்து விநாடி படமெடுத்தால் மீன்கள் கோடாகும்; அக்கோடு கிழக்கு மேற்குத் திசையைக் காட்டும். பழுதுபட்ட படத்தின் நீட்சி அதே திசையில் இருந்தால் பற்சக்கரமோ, சமனிலையோ, மின்கலமோ காரணம். குறுக்காக வடக்கு தெற்கில் இருந்தால் அச்சு பிசகியிருக்கிறது. எங்களுடையது குறுக்காகவே இருந்தது. முக்காலியின் கால்களைப் பார்த்தோம். ஹான்லேயின் தரை பொடி மணலும் பரலும் கலந்தது. பகல் வெயிலில் இளகி, பாரத்தில் சிறுகச் சிறுக அமிழ்கின்றது. மாலையில் அரும்பாடுபட்டு நிறுத்திய அச்சு இரவில் தானே சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தட்டையான கற்கள் மூன்றைக் கொணர்ந்தார். அவற்றைப் புதைத்து, கால்களைக் குறுக்கி அவற்றின்மேல் நிறுத்தினோம்.

இவ்விடத்தில் நம் சென்னை நினைவுக்கு வந்தது. ஹான்லே ஆய்வுக்கூடத்தை நடத்தும் நிறுவனத்தின் மூதாதை, நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வுக்கூடமே ஆகும். அங்கே ஒரு சிறு கருவியைத் தாங்குவதற்காக ஏறத்தாழ பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தினர். தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அத்தூண் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. இவ்வளவு சிறிய கருவிக்கு இவ்வளவு பெரிய கல்லா என்று ஒருகாலத்தில் நான் வியந்ததுண்டு. மூன்று ஹான்லேக் கற்கள் விடை கூறிவிட்டன.

இரண்டாம் இரவின் எஞ்சிய நேரத்தில் வேறொரு தொல்லை: நான்கு படங்கள் நன்றாக இருக்கும், அடுத்த இரண்டு கிழக்கு மேற்காக நீளும். இப்படிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒழுங்காகத் திரும்ப வருவது பற்சக்கரத்தின் இயல்பான ஏற்றத்தாழ்வு. ஒழுங்கின்றி வந்தால் காற்றோ, எங்கேனும் சிக்கி இழுக்கும் மின்கம்பியோ காரணமாகும். பற்சக்கரக் குறையை முற்றும் நீக்கப் பின்தொடர் காமிரா வேண்டும். அது எங்களிடம் இல்லை. ஆகவே இரண்டு நிமிடத்தை விட்டு, ஒரு நிமிடப் படங்களாக எடுத்து, கெட்டதைக் கழிப்பது என முடிவு செய்தாள். எடைக்கல்லைச் சிறிது நகர்த்தி, கிழக்குப் பக்கம் நூலளவு பாரம் கூடுமாறு வைத்தாள். பற்கள் இடைவெளியில் ஆடாமல் ஒன்றையொன்று அழுத்தி நிற்க அது உதவும். குளிரில் கிரீஸ் இறுகி மோட்டார் திணறியது. அதற்குத் தொடக்கத்திலேயே மவுண்டைச் சில நிமிடம் வேகமாக இங்குமங்கும் ஓட்டி இளக்கிக்கொண்டாள். மின்கலத்தை என் தமக்கையின் காஷ்மீரச் சால்வை போர்த்திக் காத்தது. பண்டிகைக்கு வாங்கிய புதுச் சால்வை அது.

மூன்றாம் இரவு நள்ளிரவு வரை மேகம். “மாமா, நீங்கள் போய்ப் படுங்கள்” என்றாள் மூன்று முறை. பன்னிரண்டரைக்கு மேற்கே ஒரு கிழிசல் தோன்றி, ஒரு மணிக்குள் வானம் முழுவதும் திறந்தது. ஆண்டிரோமீடா உச்சியைக் கடந்து மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. பாட்டினோவ் தட்டு, பூட்டு, மீண்டும் தட்டு, இரண்டு விநாடி, பிறகு ஒரு நிமிடம். நான்கு மணிவரை 140 படங்கள் எடுத்தாள். கழித்தவை போக 96 தேறின. 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது. அவற்றை ஒன்றாக அடுக்கிச் செய்த படத்தில் சுருளின் கரிய பட்டைகள் இரண்டு தெளிவாகத் தெரிகின்றன; இடக் கோடியில் மீன்கள் சற்று நீண்டிருப்பதை அவளே முதலில் சுட்டிக் காட்டினாள்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். எல்லைப்புறம் ஆதலின் அனுமதி விதிகளை லேயில் விசாரித்துக்கொண்டு புறப்படுக. மே முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம்; அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்க. கிராம வீடுகளில் தங்க இடமும் சூடான உணவும் கிடைக்கும். பணத்தைக் கையோடு கொண்டு செல்லுதல் நலம். கைப்பேசியின் வெள்ளை விளக்கை ஒரு கணம் ஏற்றினாலும் அண்டையில் படமெடுப்பவரின் ஒரு மணி நேர உழைப்பு பாழாகும்; ஆகவே சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் ஒன்றும், அதற்கு மாற்று பாட்டரிகளும் எடுத்துச் செல்க.