ஓசை தாங்காத நண்பர்

சித்திரைத் திருவிழாவாயினும் நம் பங்குத் திருநாளாயினும் ஒலிபெருக்கி முழங்கினால் என் நண்பர் அங்கே நில்லார். "செருக்கு மிக்கவர்" என்பர் ஊரார். அதுவன்று, பிறர் பொருட்படுத்தாத ஓசையும் ஒளியும் அவருக்குத் தாங்கொணா வேதனை. 1944-இல் வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இத்தகைய சிறுவரைப்பற்றி எழுதினார். 1981-இல் லோர்னா விங் அம்மையார் இந்நிலைக்கு அவர் பெயரையே இட்டார். இன்று இது ஆட்டிசத்துள் அடங்கும். வளர்ந்தபின்னும் இவ்வியல்பு நீங்குவதில்லை.

அன்னை மறைந்தபின் நண்பரை விருந்துக்கு அழைப்பார் இலர். ஆயினும் அவர் நட்பை வெறுப்பவரல்லர். வைகறையில் வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் இருவரும் அதிகம் பேசாது நடப்போம்; ஒருநாள் நான் வாராவிடில் வீடு தேடி வந்துவிடுவார்.

அன்பர்களே, இத்தகையோரையும் அழையுங்கள். பந்தியில் ஓரமாக ஓரிடம் தாருங்கள். இடையில் எழுந்து சென்றால் காரணம் வினவாதீர்கள்.