கப்பலேறிய இரும்பும் விமானமேறும் இளைஞரும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் அருகே ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். ஊர் பரங்கிப்பேட்டை, பட்டதாரி. "இங்கே வேலை கிடைக்கவில்லை, ஹஜ்ரத். வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கிறேன்" என்றார். சாளரத்தின் வெளியே சிப்காட் ஆலைகள் நகர்ந்தன.

முட்லூரில் இறங்கி அவருடன் ஊருக்குள் சென்றேன். வெள்ளாறு கடலில் கலக்கும் இவ்வூரில் 1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவை விறகுக்கரியால் உருக்கினர். கரி அரிதாயிற்று; ஆலையும் நின்றது. அன்று இங்கிருந்து இரும்பு கப்பலேறியது. இன்று இளைஞர்கள் விமானமேறுகின்றனர்.

ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைக் கண்டேன். "இங்கே என்ன படிப்பு?" என்றேன். "உள்ளே சென்றதில்லை, ஹஜ்ரத்" என்றார் தலைகுனிந்து.

மாலையில் சிதம்பரத்தில், 1929இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தபோதும் அச்சொல்லே நெஞ்சில் உறுத்தியது.

பெற்றோர்களே! கடல் கடப்பது குற்றமன்று. நம் மரக்காயர் முன்னோரும் கடந்தவர்களே. ஆனால் அவர்கள் கைத்தொழிலாக வணிகத்தைக் கற்றுச் சென்றார்கள். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்குமுன், அருகிலுள்ள கல்விக்கூடத்தின் வாசலை ஒருமுறையேனும் காட்டுங்கள்.