பாதத்தில் ஒரு பேனாக் குறி

தம்பிக்கு எக்மோ குழாய்களை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழு கோயில் திருவிழாவாகிவிட்டது. சாதாரணக் காய்ச்சலில் தொடங்கி, கிருமி இதயத் தசையைத் தாக்கி, ஆறு நாளாக இயந்திரம்தான் அவனுக்கு இதயமும் நுரையீரலும். எக்மோ என்றாலே அம்மாவுக்கு 2020இல் எஸ்.பி.பி.யைப் பற்றி வந்த செய்திகள்தான் ஞாபகம். அதனால் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ‘மெஷின்’ என்றே பேசிக்கொண்டோம்.

மாலை பார்க்கப் போனேன். அவன் வலது பாதம் ஜில்லென்றிருந்தது. ஏர்கோன் குளிர்தான் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டு, கைப்பையிலிருந்து காலுறையையும் எடுத்தேன். மிஸ்ஸி வேகமாக வந்தார்.

“அக்கா, காலை மூடாதீங்க. அது எங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்.”

எனக்குக் கோபம். குழாயைத்தான் எடுத்தாகிவிட்டதே?

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு பெரிய குழாய் தொடை இடுக்கின் தமனிக்குள் இருந்தது. அது காலுக்குப் போகும் ரத்தத்தை மறிக்கும் என்பதால், கீழ்நோக்கி ஒரு சின்னக் குழாயும் வைத்திருந்தார்களாம். இரண்டையும் எடுத்துத் தமனியைத் தைத்தபின், அந்த இடம் சுருங்கலாம். ரத்தம் உறைந்து அடைக்கலாம். சில மணி நேரம் கவனிக்காமல் விட்டால் தசை செத்துவிடும். பிழைத்து வந்தவன் காலை இழப்பான்.

பேசிக்கொண்டே இரு கைகளையும் இரு பாதங்களில் வைத்தார். ஒன்றை மட்டும் தொட்டால் ஒன்றும் தெரியாதாம். பெருவிரல் நகத்தை அழுத்தி, நிறம் திரும்பும்வரை பார்த்தார். நம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது, நகமும் உள்ளங்காலும்தான் சொல்லும் என்றார். கெண்டைக்கால் வீங்கி இறுகியிருக்கிறதா என்று அமுக்கினார். உள்ளங்காலைக் கீறி, “தெரியுதா?” என்றார். வாயில் சுவாசக் குழாயோடு தம்பி இல்லையென்று தலையசைத்தான்.

பாதத்தின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. நாடி கிடைத்த இடம் அது. அங்கே ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைத்தார். இடது காலில் ‘உஷ், உஷ்’ என்று தாளம் தப்பாமல் கேட்டது. வலது காலில் வெறும் இரைச்சல். கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். இரைச்சல்தான்.

மிஸ்ஸியின் முகம் மாறவில்லை. கை மட்டும் தொலைபேசிக்குப் போனது. ரத்தக்குழாய் நிபுணர் வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள், கையெழுத்து கேட்டார்கள். எதில் கையெழுத்துப் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. உறைந்த கட்டியை எடுத்துவிட்டு அவனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது இரவு பத்தரை. மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, அதே பேனாக் குறியில் கருவியை வைத்தார். ‘உஷ், உஷ்.’ காலுறை இன்னும் என் கையிலேயே இருந்தது.

சில நாள் கழித்து, குழாய் இருந்த சிரையிலும் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும் அவன் இரு பாதங்களையும் தொட்டுப் பார்க்கிறேன். பெரியவள் சின்னவன் காலைத் தொடலாமா என்று அம்மா முணுமுணுப்பார். நேற்று உள்ளங்காலில் விரலை ஓட்டினேன். அவன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

“விடுக்கா, கூசுது!”