வயலுக்குப் போகிற வழியில் கரன்ட்

குமுளியிலிருந்து பஸ் மலையிறங்கும்போது, லோயர்கேம்ப் வருவதற்குள் மின் நிலையத்துக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களும் கண்ணில் பட்டுவிடும். பஸ்ஸில் பாதிப் பேர் போனை எடுத்தது ரோட்டோரக் குரங்குகளுக்காக. நான் குழாய்களைப் பார்க்க எழுந்து நின்று, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உள்ளே ஓடுவது பெரியாற்றுத் தண்ணீர். அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுவிக். 1895-இல் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. அன்று வெட்டிய அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி. எல்லோரும் அணையைப் பற்றியே பேசுகிறோம், வழக்காடுகிறோம். என்னைக் கேட்டால் சுரங்கம்தான் பெரிய காரியம். அணையில் 104 அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் நமக்கு ஒரு சொட்டு வராது. அதற்கு மேல் நிற்பதுதான் சுரங்கத்தில் ஏறும்.

மலையைக் குடைந்து தண்ணீருக்கு வழி விடுவது கனிமம் தோண்டியவர்களின் பழைய வித்தை. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் வெள்ளி தோண்டியவர்களுக்குத் தண்ணீர் எதிரி, கூலியாளும் அதுவே. மலைமேல் குளங்கள் வெட்டி, வாய்க்காலில் கொண்டுவந்து சக்கரம் சுழற்றினார்கள். அந்தச் சக்கரத்தை வைத்தே சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்தார்கள். ஒரு சக்கரத்தில் விழுந்தது அடுத்த சக்கரத்துக்குப் போகும். கடைசியில் எல்லாம் மலையடியில் குடைந்த வடிகால் வழியே வெளியேறும். 2010-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

நமக்குக் கிட்டத்தில் கோலார். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் இறங்கி உழைத்த தங்கவயலுக்கு, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரமாகப் போனது. பெங்களூரில் விளக்கெரிந்ததே 1905-இல்தான். தங்கத்துக்குப் பிறகுதான் ஊர். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன, குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது.

இந்தக் குழாய்கள் இறங்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வரிசை வேறு. இங்கே வயல் முதலில், கரன்ட் பிறகு. பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க சென்னை மாகாணம் ஆசைப்பட்டபோது திருவிதாங்கூர் எதிர்த்தது. அணைக்காகத் திருவிதாங்கூரோடு போட்ட ஒப்பந்தம் பாசனத்துக்கு மட்டும்தான் என்று 1941-இல் நடுவர் தீர்ப்பு. பிறகு பேசி முடித்து 1950-களின் கடைசியில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. காகிதத்தில் கையெழுத்தானது 1970-இல். இந்த இழுபறியில் ஒரு நன்மை விளைந்ததாக நினைக்கிறேன்: மின்சாரம் இந்தத் தண்ணீருக்கு எஜமானாகவில்லை. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு திறக்கிறார்களோ, அதில்தான் டர்பைன் சுற்ற வேண்டும்.

லோயர்கேம்ப் டீக்கடையில் அந்தக் கணக்கு மனப்பாடம்.

“மெஷின் ஓடுதாண்ணே?”

“நானூறு கனஅடி விடுறாங்க தம்பி. முப்பத்தாறு மெகாவாட் வரும்.”

உள்ளூர்ச் செய்தியிலும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தேதான் வரும். நெல் நட்டவர் முதல் எண்ணைப் பார்ப்பார். இரண்டாவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

கொஞ்சம் தள்ளி இரைச்சல் பாலம். குடிநீருக்கு மட்டும் 100 கனஅடி விடும் நாட்களில் மின் உற்பத்தி கிடையாது. தண்ணீர் குழாயை விட்டு இந்த வழியாக இறங்கும். பவர்ஹவுஸில் பராமரிப்பு நடந்தாலும் அப்படித்தான். நான் போனபோது பாறைகள் வெறும் ஈரமாக இருந்தன. “பாலத்துல சத்தம் கேட்டா மெஷினுக்கு லீவுன்னு அர்த்தம்” என்றார் டீக்கடைக்காரர். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிக் கீழே இருக்கும் கூடலூர்க்காரர் வயலைக் காயப்போட முடியாது.