ஓலைப்பெட்டியும் கூரியர் கணக்கும்

"ஆன்லைன் கடை ஆரம்பிக்கப் போறேன், முதல்ல என்ன வாங்கணும்?" என்று வகுப்பில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். லோகோ, வெப்சைட் எல்லாம் அப்புறம் மக்களே. முதலில் ஒரு இஞ்சு டேப் வாங்குங்கள்.

திருச்செந்தூர் பக்கம் என் அத்தை பனை ஓலைப்பெட்டி முடைவார். போன வருஷம் அதை இன்ஸ்டாகிராமில் போட்டு விற்க ஆரம்பித்தேன். ஒரு பெட்டி 350 ரூபாய். எடை அரை கிலோகூட இல்லை, கூரியருக்கு என்ன பெரிதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். பில் வந்ததும் தலை சுற்றியது. எடையை மட்டும் பார்ப்பதில்லையாம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ கணக்கு. நிஜ எடையைவிட அது கூடுதல் என்றால் அதற்குத்தான் காசு. என் அட்டைப்பெட்டி 30, 30, 20. அதாவது 3.6 கிலோ! காற்றுக்குக் காசு கட்டிய முதல் ஆள் நான்தான் போல :-)

கேஷ் ஆன் டெலிவரி இன்னொரு தலைவலி. வாங்காமல் திருப்பினால் போகிற செலவும் வருகிற செலவும் நம்முடையது. பத்தில் மூன்று திரும்பி வந்ததும் நிறுத்திவிட்டேன். ஆர்டர் குறைந்தது, தூக்கம் வந்தது.

நஷ்டத்தை அத்தையிடம் மறைக்க முடியவில்லை. "என் கூலில கொறச்சுக்கோ மருமவனே" என்றார். ஒரு பெட்டிக்கு அவருக்கு ஒரு நாள் பிடிக்கும். எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டிகளை ஒரு செட்டாக விற்கிறேன். பார்சல் அளவு அதேதான். கூலியில் கை வைக்கவில்லை. பழைய நஷ்டத்தில் இன்னும் 1,100 ரூபாய் பாக்கி இருக்கிறது.