முதல்ல குதிரைக்கு!

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துல முன்னங்காலைத் தூக்கி நிற்கிற கல்குதிரைகளைப் பார்த்திருப்பீங்க. எனக்குக் குதிரைன்னா அந்தக் கம்பீரம்தான். திருச்சியிலிருந்து நண்பர்கள் நாலு பேர், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உத்தரகாண்ட் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போனோம். உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை. அதனால, சுமார் 3,050 மீட்டர் உயர கங்காரியாவில் டென்ட். ஏத்தம் முழுக்க எங்க மூட்டைகளைச் சுமந்தது ஒரு குதிரை.

போய்ச் சேர்ந்ததும் குளிர்ல நான் டீக்கு ஓடினேன். குதிரைக்காரரோ பாரத்தை இறக்கி, முதுகுல புண் இருக்கான்னு தடவிப் பார்த்து, தீனி வெச்ச பிறகுதான் டீயைத் தொட்டார். என் பையிலோ மூணு ஜீன்ஸ், ரெண்டு ஜோடி ஷூ!

இறங்கும்போது என் பை என் முதுகுல. மலைக்குக் கிளம்புறீங்களா? பையை மூடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... இதை யார் சுமக்கப் போறாங்க?