அப்பாவிடம் தோற்ற எஞ்சின்

நான் எழுதிய செஸ் எஞ்சினோடு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் விளையாடுவார். மற்ற நாட்களில் அவருக்கு இரவு வேலை. போன மாதம் அது குதிரையைச் சும்மா பறிகொடுத்தது. "இதென்னடா, தானமே தருது?" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு வாரம் பிழை தேடினேன். எஞ்சின் நான் சொன்னதைத்தான் செய்திருந்தது: மூன்று நகர்வு பார், நிறுத்து. குதிரை போகும், மூன்றாவது நகர்வில் அதன் ராணி கோட்டையை வெட்டும். லாபம்! நாலாவதில் அந்த ராணியே வெட்டுப்படுவது அதற்குத் தெரியாது.

நம்ம லண்டனில், மெய்டா வேலில், 1912இல் பிறந்த அலன் டூரிங் தன் செஸ் நிரலில் வெட்டுகள் ஓயும்வரை பார்க்கும்படி விதி வைத்திருந்தார். அதை ஓட்டக் கணினி இல்லாததால், 1952இல் தானே தாளில் கணக்குப் போட்டு விளையாடினார். தோற்றார், பாவம்.

அந்த விதியை நானும் சேர்த்தேன். முதல் தடவை, 'வெட்டாமலும் இருக்கலாம்' என்ற வரியை மறந்துவிட்டேன், ஒரே கூத்து.

இந்த ஞாயிறும் அப்பாதான் வென்றார். ஆனால் அவருடைய தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.